பின்மாரியின் நாட்கள்

தியானப் பகுதி: உபாகமம் 11:10–14



ஏப்ரல் வந்துவிட்டது, கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியும் ஆயிற்று. லண்டன் வானமோ இன்னும் தெளியவில்லை. "வசந்தம் என்கிறார்கள், வெயிலைக் காணோமே" என்று உங்களில் பலர், சிறப்பாகப் பிள்ளைகளின் வீட்டிற்கு வந்திருக்கும் பெரியவர்கள், சொல்லக் கேட்கிறேன்.

சென்னையில் ஓராண்டில் ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் ஏறக்குறைய 600 மட்டுமே. அங்கே ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்தபின் வெயில் திரும்பிவிடும். இங்கே ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகத் தூறுகிறது. ஆகவே நம்மைச் சோர்வடையச் செய்வது மழையின் மிகுதியன்று. நாள் கணக்கில் மூடிய வானமும், அடைத்த கதவுகளுக்குள் இருக்கும் தனிமையுமே.

இஸ்ரவேலரும் புதியதொரு தேசத்தின் மழைக்குப் பழகவேண்டியிருந்தது. எகிப்திலே அவர்கள் தங்கள் உழைப்பால் நீர் பாய்ச்சிப் பயிரிட்டார்கள். கானானோ வானத்து மழையை நம்பியிருந்த தேசம். அங்கே அறுப்புக்கு முன், மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்து கதிர்களை முற்றச் செய்வதே பின்மாரி. நாம் ஜெபத்தில் ஆசீர்வாதமாகக் கேட்கும் பின்மாரி, வசந்தகால மழையே! ஆண்டின் தொடக்கமுதல் முடிவுவரை கர்த்தருடைய கண்கள் அத்தேசத்தின்மேல் இருக்கும் என்றார் மோசே. அந்த வாக்கு கானானுக்குரியது. ஆயினும் அதை உரைத்த தேவன் இந்த மேகங்களின் கீழும் நம்மைக் காண்கிறவர்.

சோர்ந்துபோன எலியாவுக்குத் தேவன் முதலில் அளித்தவை உறக்கமும் அப்பமும் தண்ணீருமே. ஆகையால் தூறல் விட்ட வேளையில் பகல் வெளிச்சத்தில் சற்று நடந்து வாருங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள், அது அவிசுவாசமன்று.

கப்பற்சேதத்திற்குத் தப்பிக் கரையேறிய பவுலும் மற்றவர்களும் மழையிலும் குளிரிலும் நின்றபோது, மெலித்தா தீவார் மழை ஓயட்டும் என்று காத்திருக்கவில்லை. நெருப்பு மூட்டி அனைவரையும் சேர்த்துக்கொண்டார்கள் (அப்போஸ்தலர் 28:2). இந்த வாரம் நீங்களும் ஒரு வீட்டிற்குச் செல்லுங்கள். மொழி அறியாமல் பகலெல்லாம் தனித்திருக்கும் ஒரு தாயார், இரவுப்பணி முடித்துத் திரும்பும் ஒரு செவிலியர், புதிதாய் வந்த ஒரு மாணவர் அங்கே இருக்கலாம். அவரோடு தேநீர் அருந்தி, ஊர்க்கதை பேசி, ஜெபித்து வாருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, மூடிய வானத்தின் கீழ் தனித்திருப்போரை நினைத்தருளும், அவர்களின் கதவைத் தட்டும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.