மூன்றாம் தரம்

ஏலக்களத்தில் 'ஒரு தரம், இரண்டு தரம்' என்னும் குரல், தயங்குவோருக்கு மறுவாய்ப்பு அளிக்கும். 1995இல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கிய, பின்னாளில் ஈபே எனப் பெயர்பெற்ற இணைய ஏலச் சந்தையில் அக்குரல் இல்லை; கடிகாரமே ஏலத்தை முடிக்கிறது. பல நாள் காத்திருந்தவரை, இறுதி நொடியில் விலையை உயர்த்திய ஒருவர் வென்றுவிடுகிறார். விற்பவர் துயரம் வேறு. ஏலம் எடுத்தவர் பணம் செலுத்தாமல் மறைவதும் உண்டு.

முகமறியா இருவரிடையே நம்பிக்கை வளர, ஒருவரையொருவர் மதிப்பிடும் முறை 1996இல் வந்தது. குறை கூறினால் தம்மீதும் குறை வருமென்று வாங்குவோர் அஞ்சினர். எனவே 2008இல், வாங்குபவரைக் குறைகூறும் உரிமை விற்பவரிடமிருந்து நீக்கப்பட்டது. ஒருவரின் அச்சம் மற்றவருக்கு இடம் மாறியது, தீரவில்லை. விதிகளைத் திருத்தலாம், வாக்குத் தவறாமையை வாங்குபவரும் விற்பவருமே கொண்டுவர வேண்டும்.