பிள்ளைபெத்த வளைவு

கேமரன் மலைக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனவர் வரைந்த வரைபடம் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. வில்லியம் கேமரன் என்ற வெள்ளைக்கார நில அளவையாளர் 1885-இல் கூலோப் ரியாவ் என்பவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு பகாங் – பேராக் மலைத்தொடருக்குள் நுழைந்தார். உயரமான மலைகளுக்கு நடுவே மென்மையான சரிவுகள் கொண்ட ஒரு பீடபூமியைக் கண்டதாக எழுதினார். அடுத்த வருடமே இறந்துபோனார். அவர் குறித்து வைத்த இடம் சரியாக எது என்று தேடியவர்களுக்குத் தாள் எதுவும் சிக்கவில்லை. ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1925-இல் மலையேறிப் பார்த்து, இங்கே ஒரு மலைவாசத்தலம் அமைக்கலாம் என்று முடிவாகும்வரை நாற்பது வருடம் ஓடிவிட்டது.

இதைப் பள்ளியில் எங்களுக்குக் 'கண்டுபிடிப்பு' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். செமாய் மக்கள் இந்தச் சரிவுகளில் எத்தனையோ தலைமுறையாக இருந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அந்த வரைபடம் தொலைந்தது நாற்பது வருட அவகாசம். எனக்கு அந்த அளவையாளர் மேல் ஒரு தொழில் பாசம் உண்டு, மறுக்கவில்லை. நானும் சரிவுகளை அளந்து சம்பளம் வாங்குகிறவன்தான். ஆனால் கதையில் எனக்குப் பிடித்த ஆள் கூலோப் ரியாவ். வழி தெரிந்தவர் அவர். மலைக்குப் பெயர் மற்றவருடையது.

என் ஊர் கோலா தெர்லா. பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே, திரிங்காப் தாண்டி, கம்போங் ராஜாவுக்கு முன்னால் வரும். சுற்றுலாப் பேருந்துகள் இங்கே நிற்பதில்லை. சாலையின் இரண்டு பக்கமும் காய்கறித் தோட்டங்களின் வெள்ளை பிளாஸ்டிக் கூரைகள். மேலே போனால்தான் தேயிலை. மலாயில் கோலா என்றால் ஆறு இன்னொரு ஆற்றில் விழும் இடம். எங்கள் தெர்லா போய்ச் சேரும் தெலோம் ஆறு, இயற்கையாக விட்டால் கிழக்கே பகாங் ஆற்றோடு கலந்து தென்சீனக் கடலுக்குப் போக வேண்டியது. 1960-களில் வந்த மின்திட்டம் தெலோம் நீரை மலைக்குள் சுரங்கம் போட்டு பெர்தாம் பக்கம் திருப்பியது. ரிங்லெட் ஏரியில் தேங்கி, இன்னொரு சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு அது மலாக்கா நீரிணைக்குப் போகிறது. கிழக்குக் கடலுக்குப் புறப்பட்ட தண்ணீர் மேற்குக் கடலில் போய் முடிகிறது. பல்கலைக்கழகத்தில் நீரியல் வகுப்பில் இதைக் கேட்டபோது ஊருக்கு ஃபோன் போட்டுப் பாட்டியிடம் சொன்னேன். "நம்மளும் அப்படித்தானடா வந்தோம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டார்.

பாட்டியின் அப்பா தாப்பா பக்கம் கித்தாத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தாப்பாவிலிருந்து மலைக்கு 1931-இல் சாலை வந்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜே.ஏ. ரசல், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய மில்ன் என்பவரோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். கோவேறு கழுதைகளையும் ஒரேயொரு நீராவி உருளையையும் வைத்துக் காட்டைத் திருத்தினார்கள் என்று அந்தக் கதையைச் சொல்வார்கள். கழுதைகளுக்குக் கிடைத்த இடம்கூட அந்த வாக்கியத்தில் ஆட்களுக்குக் கிடைக்கவில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு. எங்கள் குடும்பம் ஜப்பான்காரன் போன பிறகு, சண்டை ஓய்ந்த காலத்தில்தான் மேலே வந்தது. வேறொரு தோட்டம், வேறொரு லயம்.

கேமரன் மலையின் புகழ்பெற்ற மர்மம் எதுவென்று எந்தச் சுற்றுலா வழிகாட்டியைக் கேட்டாலும் ஜிம் தாம்சன் என்பார். தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தாவில் மூன்லைட் பங்களாவில் தங்கியிருந்தவர், மற்றவர்கள் மதியம் ஓய்வெடுத்த நேரத்தில் வெளியே நடந்தார். சிகரெட்டைக்கூட எடுத்துப் போகவில்லை. திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி தடம் பார்ப்பவர்கள், போமோக்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் காட்டைச் சல்லடை போட்டார்கள். ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. உளவாளி என்றார்கள், புலி என்றார்கள், கடத்தல் என்றார்கள். புத்தகங்கள் வந்தன. இன்றும் அந்தப் பங்களாவைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாட்டிக்கு அப்போது இருபத்தாறு வயது, கையில் என் பெரியப்பா. அவர் சொல்வது இது: "சயாம்லேர்ந்து வந்த வெள்ளக்காரன் நம்ம மலையில காணாமப் போயிட்டான்னு ஒரே பேச்சு. எங்க சித்தப்பன் நம்ம தோட்டத்துலேர்ந்து சயாமுக்குப் போயிக் காணாமப் போனான். அவனத் தேடி யாரு வந்தா?"

1942-க்கும் 43-க்கும் இடையில் ஜப்பானியர்கள் போட்ட சயாம் – பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அந்த வேலைக்குக் கொண்டுபோனார்கள். போர்க்கைதிகளாக இருந்த வெள்ளையர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நான் போய்ப் பார்த்தேன். புல்லை அழகாக வெட்டியிருந்தார்கள். பாட்டியின் சித்தப்பா பெயரை எங்கே தேடுவது என்று புரியாமல் ஒரு ஐஸ் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் லயத்தைக் காலி செய்யச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. ஓய்வுபெற்றவர்களின் குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின. இப்போது தேயிலை வெட்டுவது பெரும்பாலும் வங்காளதேசிகளும் நேபாளிகளும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிரையின் மேல் நடந்து போவார்கள். பாட்டி அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், முடிவெட்டுற மாதிரி இருக்குதாம்.

அந்த நேரத்தில்தான் நான் ஜிபிஎஸ் கருவியை எடுத்துக்கொண்டு பாட்டியோடு சுற்றினேன். முழங்கால் வலியால் பாதி இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துப் போனேன். பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, கிராணி வீட்டுப் படிக்கட்டு. படிக்கட்டு மட்டும்தான் இருக்கிறது, வீடு இல்லை. தண்ணிக் குழாய் மேடு. வெள்ளைக்காரத் துரை பேய் குதிரையில் வரும் பாதை (பேய்க்கு மலாய் தெரியாது, தமிழ் நன்றாகத் தெரியும் என்பது பாட்டியின் தகவல். கங்காணியைத் திட்டக் கற்றுக்கொண்டதாம்).

அப்புறம் பிள்ளைபெத்த வளைவு. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோகும் வழியில் ஒரு பெண்ணுக்கு அங்கேயே பிரசவமாகிவிட்டது. லாரிக்காரர் சாமான் மூட்டும் கித்தான் துணியைப் பிடித்து மறைப்புக் கட்டியிருக்கிறார். அதிலிருந்து லயத்து ஆட்களுக்கு அந்த இடம் பிள்ளைபெத்த வளைவு. "லாரி பிள்ளைபெத்த வளைவு தாண்டிருச்சு" என்றால் இன்னும் கால் மணி நேரத்தில் சாமான் வந்துவிடும் என்று கணக்கு. இப்போது அந்தச் சரிவுக்குச் சிமென்ட் பூச்சு அடித்திருக்கிறார்கள், வடிகால் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் தொழிலில் அதற்கு ஒரு எண் உண்டு. அறிக்கையில் எழுத எண் போதும்.

என் திட்டம் எல்லாப் புள்ளிகளையும் கூகுள் மேப்பில் ஏற்றுவது. பாட்டி நெடுநேரம் ஃபோன் திரையைப் பார்த்தார். முனியாண்டி மரத்தின் மேல் நான் வைத்திருந்த சிவப்புக் குறியைத் தொட்டு, "இத எடுத்துடு" என்றார்.

"ஏன் பாட்டி? பிள்ளைங்க பின்னால தேடி வருவாங்கள்ல?"

"தேடி வர்றவன் வரட்டும், கேட்டுக்கிட்டு வரட்டும். ஊருக்கெல்லாம் காட்டுனா நாளைக்கு அங்க கார் நிறுத்தி ஸ்ட்ராபெரி விப்பானுங்க. எங்க அப்பா படுத்திருக்கிற இடத்தையும் எடுத்துடு."

நான் வாதாடினேன். பதிவில்லாத இடத்தைப் புல்டோசர் தள்ளினால் கேட்பதற்கு நாதி இருக்காது, கல்லறை இருந்தது என்பதற்குக்கூட ஆதாரம் வேண்டும் என்றேன். இப்போதும் அதைத்தான் நம்புகிறேன். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மண் எப்படி இறங்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே இரவில் ஒரு மேடு ஆற்றில் போய்விடும். ஆனால் பாட்டி சொன்னதற்கும் என்னிடம் பதில் இல்லை. கேமரனின் தாள் தொலையாமல் இருந்திருந்தால் சாலை எத்தனை வருடம் முந்தி வந்திருக்கும் என்று செமாய் ஆள் ஒருவர் நினைத்துப் பார்த்திருந்தால், அவரும் பாட்டி பக்கம்தான் பேசியிருப்பார்.

கடைசியில் இரண்டு கோப்புகள் ஆயின. முப்பத்தெட்டு இடங்கள் உள்ளது எல்லோரும் பார்க்கலாம். பிள்ளைபெத்த வளைவு அதில் இருக்கிறது. போன மாதம் யாரோ அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். மற்ற கோப்பில் ஏழு இடங்கள். அதன் நகல் என் தங்கையிடமும் பெரியப்பா மகளிடமும் இருக்கிறது. பாட்டிக்கு எண்பத்து நான்கு. சென்ற வாரம் அழைத்து, எட்டாவதாக ஒன்று விட்டுப்போச்சு, ஃபோனில் சொல்ல முடியாது, நேரில் வா என்றார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறுகிறேன்.