ஒதுங்கி வழிவிட்ட குரல்

கிழக்கிலங்கையின் நற்பிட்டிமுனையில் எங்கள் வீட்டு டீவி கேமுக்கு ஒரு சட்டம் இருந்தது. இஷாத் தொழுகைக்குப் பிறகும் விளையாடலாம். ஆனால் வாசலில் யாராவது நடந்தால் அந்தக் காலடி வீட்டுக்குள் கேட்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, போர்க்காலம். இருட்டிய பிறகு வெளியே எழும் ஒவ்வொரு சத்தத்துக்கும் வீட்டிலுள்ள பெரியவர்கள் காது கொடுத்த நாட்கள். "சத்தத்தைக் கொற மகன்" என்று வாப்பா ஒரு தடவைதான் சொல்வார். நாங்கள் டீவிக்குப் பக்கத்தில் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு, கேட்டும் கேளாமலும் இருக்கும் அந்த மெட்டோடு விளையாடுவோம். '9999 இன் 1' என்று ஒட்டியிருந்த கெசட். உள்ளே இருந்தவை சில விளையாட்டுகள்தான். அதில் முதலாவது மாரியோ.

அவ்வளவு தாழ்ந்த ஒலியிலும் மெட்டு தெளிவாக இருந்தது. குதித்தால் குதித்த சத்தம், காசு விழுந்தால் காசின் சத்தம், வாசலில் நாய் குரைத்தால் நாயின் சத்தம். எல்லாவற்றுக்கும் அந்த இசைக்குள் இடம் இருந்தது.

இதையெல்லாம் மறந்து பல வருடங்களான பிறகு, ராத்தாவின் மகன் ஒருநாள் போனையும் ஹெட்போனையும் கொண்டுவந்து, "மாமா, உங்கட காலத்து கேம் பாட்டு, புதுசாச் செஞ்சிரிக்காங்க. கேளுங்க" என்றான். பெரிய வாத்தியக் குழு, முரசு, வயலின் எல்லாம் இருந்தன. முதல் பாட்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூன்றாவது பாட்டில் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். ஒரு சுரமும் பிழையில்லை. ஆனால் மெதுவாக வரவேண்டிய குழலும் முழங்க வேண்டிய முரசும் ஒரே உயரத்தில் நின்றன. காது களைத்துப்போனது. நான் கேட்டு வளர்ந்த இசையிலிருந்து எது காணாமல் போனது, யார் எடுத்தார்கள் என்று தேட வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் வந்தது.

முதலில் கண்ணால் பார்த்தேன். ஒலியை அலையாக வரைந்து காட்டும் ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அந்தப் புதிய பாட்டைப் போட்டேன். பரணில் கிடந்த பழைய டீவி கேமைத் துடைத்து ஓடவிட்டு, அதன் ஒலியையும் கணினிக்குள் பதிந்தேன். பழையது சீப்பின் பற்களைப் போல இருந்தது. பற்களுக்கு நடுவே வெளி. புதியது, சூளையில் அடுக்கிய செங்கல். மேலும் கீழும் கத்தியால் நறுக்கியது போல ஒரே கோடு.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கல்முனை பஸாரில் ரேடியோ திருத்தும் ஒரு மாமாவிடம் போனேன். கலியாண வீடுகளுக்கும் கந்தூரிகளுக்கும் செட் கட்டியே வயதானவர். படத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "அம்ப்ளிபயரத் தாங்குற அளவுக்கு மேல திறந்தா அலையின்ட தல வெட்டுப்படும். சத்தம் கூடும் மகன். பேச்சு கூடாது." தென்னையில் கட்டிய கூம்பு ஸ்பீக்கரில் தூரத்துக்கு ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது கேட்காது. அதைத்தான் சொன்னார். பிறகு நான் படித்த எதுவும் அந்த ஒரு வசனத்தை மீறிப் போகவில்லை.

அடுத்த பாட்டைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்று அலையை இப்படி நசுக்கும் போட்டிக்கு ஒலிப்பதிவுக்காரர்கள் சொல்லும் பெயர் 'லவுட்னஸ் வார்', சத்தப் போர். அதன் வேர் நம் காதிலேயே இருக்கிறது. 1933இல் பெல் ஆய்வுகூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும், ஒலி தாழ்ந்திருக்கும்போது மனிதக் காது அடித்தொனியையும் மிக உச்சத் தொனியையும் சரியாகப் பிடிப்பதில்லை என்று அளந்து காட்டினார்கள். ஒலியைக் கூட்டினால் அதே இசை நிறைந்து கேட்கும். ஆகவே இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டால், கொஞ்சம் உரத்தது 'நல்ல பாட்டு' என்று மனம் தீர்ப்புச் சொல்லிவிடும். காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸ் காலத்திலேயே இசைத்தட்டுக் கம்பனிகளுக்கு இது தெரியும். பெட்டியின் ஒலியளவு எல்லாத் தட்டுக்கும் ஒன்றுதான். உரக்க வெட்டிய தட்டு முந்திக்கொள்ளும். ஆனால் இசைத்தட்டுக்கு ஓர் எல்லை இருந்தது. சத்தம் கூடினால் பள்ளம் அகலமாகும், தட்டில் இடம் குறையும், ஊசி துள்ளும்.

உரத்ததைத் தாழ்த்தி, மெல்லியதைத் தூக்கி ஒலியை அழுத்துவது என்றாலே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. இலங்கை வானொலியை மத்திய அலையில் கேட்டு வளர்ந்தவன் நான். இரைச்சலுக்கும் இடிமுழக்கத்துக்கும் நடுவே அறிவிப்பாளரின் மெல்லிய சொல்லும் வயல்வாடி வரை போய்ச் சேர வேண்டுமென்றால், அந்தச் சொல்லைத் தூக்கியும் கூச்சலைத் தட்டியும்தான் அனுப்ப வேண்டும். அங்கே அழுத்தம் கேட்பவருக்குச் செய்த உதவி. வழி மாறியது பிறகுதான்.

1982இல் சீடி வந்தது. 16 பிட், ஒரு பிட்டுக்குச் சுமார் 6 டெசிபல் என்று கணக்குப் போட்டால் 96 டெசிபல். மூச்சுவிடும் சத்தத்திலிருந்து முழு வாத்தியக் குழுவின் முழக்கம் வரை வைக்கக்கூடிய வெளி. ஆனால் அதன் உச்சி ஒரு கூரை. அதற்கு மேலே ஒரு புள்ளியும் ஏறாது. பக்கத்துக் கடைத் தட்டைவிட என் தட்டு உரக்கக் கேட்க வேண்டுமென்றால் ஒரே வழிதான்: உச்சிகளை நசுக்கி, மற்ற எல்லாவற்றையும் கூரை வரை தூக்குவது. 1994இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 என்ற லிமிட்டர் மென்பொருள் வந்தது. வரப்போகும் உச்சியை முன்கூட்டியே பார்த்து அமர்த்தும் கருவி அது. ஒரு பிடியை இழுத்தால் போதும், பாட்டு உரத்துவிடும். ஒருவர் இழுத்தால் அடுத்தவரும் இழுத்தார்.

கேம் இசை இந்தச் சந்தைக்குள் எப்படி வந்தது? 1984இல் ஜப்பானில் ஹருஓமி ஹொசொனோ, நம்கோ கம்பனியின் விளையாட்டு மெட்டுகளை 'வீடியோ கேம் மியூசிக்' என்ற பெயரில் இசைத்தட்டாக்கினார். கேம் இசைக்கென்றே வந்த முதல் தட்டு என்று அதைச் சொல்வார்கள். விளையாட்டுக்குள் இருந்த வரை அந்த மெட்டுக்குப் போட்டியாளர் இல்லை. தட்டாக வெளியே வந்ததும் மற்றப் பாட்டுகளின் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் மற்றவர்கள் இழுத்த பிடியை அதுவும் இழுத்தது.

தேடலில் என்னை உலுக்கியது 2008இல் நடந்த ஒன்று. அந்தச் செப்டெம்பரில் மெற்றாலிக்கா என்ற ராக் குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' இசைத்தொகுப்பு வெளியானது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டுக்கும் கொடுக்கப்பட்டன. இரண்டையும் கேட்ட ரசிகர்கள் திடுக்கிட்டார்கள். சீடியில் கரகரத்து நசுங்கிய டிரம், விளையாட்டில் தோலும் கட்டையுமாகத் தெளிவாகக் கேட்டது. இங்கிலாந்தின் ஒலிப்பதிவுப் பொறியாளர் இயன் ஷெப்பர்ட் இரண்டின் அலைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்: ஒன்று செங்கல், மற்றது சீப்பு. மீண்டும் கலந்து வெளியிடச் சொல்லி ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கையெழுத்திட்டார்கள். இறுதி மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வந்தபோதே அது நசுங்கித்தான் இருந்தது என்று எழுதிய மின்னஞ்சலும் வெளியே வந்தது.

விளையாட்டில் மட்டும் அது எப்படித் தப்பியது? 'கிட்டார் ஹீரோ'வில் நீங்கள் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் கிட்டாரின் ஒலி மட்டும் அறுந்துபோகும்; டிரம்மும் குரலும் தொடரும். அதற்காகக் கிட்டார் வேறு, பேஸ் வேறு, டிரம் வேறு, குரல் வேறு என்று தனித்தனித் தடமாகப் பாட்டைக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக்கி நசுக்கும் கட்டத்துக்கு முன்பே அந்தத் தடங்கள் பிரிந்து வந்துவிட்டன. விளையாடுகிறவனின் கைக்கு இடம் விட வேண்டியிருந்ததால் இசைக்கும் இடம் மிஞ்சியது.

நம் மொழியிலும் இதே வலி வந்துவிட்டது. 2024 நவம்பரில் 'கங்குவா' படம் வெளியானபோது, தியேட்டரில் காது தாங்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களைக் கேட்டிருப்பதாகத் தயாரிப்பாளர் ஞானவேல் ராஜா அறிவித்தார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக 2009இல் ஒஸ்கார் வாங்கிய ரசூல் பூக்குட்டி, ஒலிக்கலை இந்தச் சத்தப் போரில் சிக்கிக்கொண்டதை வேதனையோடு எழுதினார். துறையும் நாடும் வேறு, நோய் ஒன்றுதான்.

மருந்தும் இருக்கிறது. அலையின் உச்சியை விட்டுவிட்டு, காது உணரும் சராசரிச் சத்தத்தை அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்தது. அதன்மேல் 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் தங்கள் நியமத்தைக் கட்டினார்கள். அந்த வழியில் சோனியும் தன் விளையாட்டுப் பெட்டிகளுக்கு ஒரு சத்த அளவைப் பரிந்துரைத்தது. இன்று யூடியூப், உரத்துச் செய்த பாட்டைத் தானே இறக்கிவிடுகிறது. நசுக்கி வாங்கிய சத்தம் அங்கே செல்லாக்காசு. இறக்கிய பிறகும் நசுங்கல் மட்டும் அப்படியே நிற்கும். அதனால்தான் அங்கேயும் எங்கள் காது களைக்கிறது.

கடைசியாக, எங்கள் பழைய பெட்டிக்கே திரும்பினேன். அது 1983இல் ஜப்பானில் வந்த ஃபமிகொம் கருவியின் நகல். அதற்கு ஐந்தே குரல்கள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், சிறு ஒலித்துண்டுகளுக்கு ஒன்று. சதுர அலையின் சத்தத்துக்குப் பூச்சியம் முதல் பதினைந்து வரை 16 படிகள்; டெசிபலில் 24ஐத் தாண்டாது. முக்கோண அலைக்கு அதுவும் இல்லை; ஒன்றில் ஒலிக்கும், அல்லது நிற்கும். சீடியின் 96 எங்கே, இந்த 24 எங்கே! ஆனால் 24 கிடைத்த கையில் மெட்டு மூச்சுவிட்டது. 96 கிடைத்த கையில் மூச்சு முட்டியது. இல்லாமை இசையைக் கெடுக்கவில்லை. இருந்த வெளியை நிரப்பியே தீர வேண்டும் என்ற ஆசைதான் கெடுத்தது.

1985இல் கோஜி கொண்டோ மாரியோவுக்கு மெட்டமைத்தபோது, ஒவ்வோர் அசைவின் சத்தத்துக்கும் இதே ஐந்து குரல்களில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் குதிக்கும் கணத்தில் இரண்டு சதுர அலைகளில் ஒன்று தன் பாட்டை விட்டு ஒதுங்கும். உங்கள் குதிப்பு அதில் ஒலிக்கும். முடிந்ததும் பாட்டுக்குத் திரும்பும். விட்ட இடத்திலிருந்து அல்ல, மற்றவர்கள் வந்து சேர்ந்த இடத்திலிருந்து. எங்கள் ஊர்ப் பொல்லடி ஆட்டத்தில், பாட்டை நடத்தும் அண்ணாவியாரின் குரல் ஓய்ந்து கம்புகளின் அடிக்கு இடம் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பின்னாலிருந்து தாங்கும் இசைக்கு எப்போது விலக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். செங்கல்லாக அடித்த இசை விலகாது. எங்களுக்கான இடத்தையும் அதுவே நிரப்பிக்கொண்டு நிற்கும்.

மருமகனைக் கூப்பிட்டுப் பழைய பெட்டியைப் போட்டுக் காட்டினேன். டீவியின் சத்தத்தை வாப்பா சொல்லும் அளவுக்கு இறக்கினேன். கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "மாமா, நான் பாயக்குள்ள பாட்டுல ஒண்டு இல்லாமப் போகுது."

"ஓம் மனே. ஒனக்கு வழி விடுது."

அவன் மறுபடி குதித்தான், இந்த முறை கேட்பதற்காகவே. அப்போது வாசலில் செருப்புச் சத்தம். அவனை அழைத்துப்போக ராத்தா வந்திருந்தாள். கதவைத் தட்டுமுன்பே எங்கள் இருவருக்கும் கேட்டது.