பேண்ட் மாஸ்டரும் பஸ்ஸின் கடைசி சீட்டும்

பேண்ட்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? கல்யாண ஊர்வலத்தில் சிவப்புக் கோட்டு போட்டு சினிமாப் பாட்டு வாசிக்கிறவங்க, விட்டா சுதந்திர தினப் பரேடு. அமெரிக்கக் கல்லூரிகளில் கதையே வேறங்க. ஃபுட்பால் மேட்ச் (அவங்க ஊர் ஃபுட்பால்... அதுல காலுக்கு அதிகம் வேலை இல்ல :-)) இடைவேளையில் முந்நூறு பேர் மைதானத்தில் இறங்கி, நடந்துகொண்டே, ஆடிக்கொண்டே வாசிப்பார்கள். மேட்ச்சை விட்டுவிட்டு அதைப் பார்க்கவே வருகிற கூட்டமும் உண்டு.

டீம் லீட் ஆனதிலிருந்து எனக்கு 'லீடர்ஷிப்' டிரெயினிங் போட்டுத் தாளிக்கிறார்கள். ஸ்டீவ் ஜாப்ஸ், தோனி என்று போகிறது. என்னைக் கேட்டா, வில்லியம் ஃபாஸ்டர்னு ஒரு பேண்ட் மாஸ்டர் கதையைத்தான் சொல்லணும். நல்லதுக்கும் அதுதான் பாடம், கெட்டதுக்கும் அதுதான்.

ஃபாஸ்டர் 1919-ல் கான்சாஸில் பிறந்த கறுப்பினத்தவர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இசை படித்து 1941-ல் பட்டம் வாங்கினார். கண்டக்டர் ஆகணும்னு ஆசை (பஸ் கண்டக்டர் இல்லைங்க, இசைக்குழுவை நடத்துறவர்). கறுப்பினக் கண்டக்டருக்கு இந்த நாட்டில் வேலை கிடையாது என்று அங்கிருந்த டீன் முகத்துக்கு நேரா சொல்லிவிட்டார். நாட்டின் எந்த வெள்ளையர் பேண்டுக்கும் குறையாத ஒரு பேண்டை உருவாக்கிக் காட்டணும்னு ஃபாஸ்டர் முடிவு பண்ணியது அப்போதுதான்.

1946-ல் ஃபுளோரிடாவின் டல்லஹாசி ஊருக்கு வந்தார். இன்று ஃபுளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் என்கிறோமே, கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி, அங்கே. கையில் கிடைத்தது 16 பேர். அது நூறாக வளர்ந்தபோது 'மார்ச்சிங் 100' என்று பெயர் வந்தது. அப்புறம் முந்நூறைத் தாண்டியும் பெயர் மட்டும் 100-லேயே நின்றுவிட்டது.

எஞ்சினியர் மூளைக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மைதானம் 100 கெஜம், சுமார் 91 மீட்டர். ஒரு கோடியில் அடிக்கிற டிரம் சத்தம் மறு கோடிக்குப் போய்ச் சேர கால் விநாடிக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு 120 தாளம் என்றால், அங்கே இருப்பவனுக்கு அரைத் தாளம் லேட். சுத்தமான லேட்டன்சி பிரச்சினை! காதை நம்பினால் அவ்வளவு பேரும் காலி. அதனால எல்லாரும் முன்னால் நிற்கும் டிரம் மேஜரின் கையைப் பார்த்து வாசிக்கணும். காலடிக்கும் கணக்கு இருக்கு. பொதுவா 5 கெஜத்துக்கு 8 அடி, அதாவது ஒரு அடி இருபத்திரண்டரை அங்குலம். ஃபாஸ்டரின் பிள்ளைகள் நிமிடத்துக்கு 20 காலடி என்று ஊர்ந்து காட்டுவார்கள், அப்புறம் படுவேகமாகப் பறப்பார்கள். மார்ச்சிங் பேண்ட் ஆடலாம் என்று நாட்டுக்கே காட்டியது இவங்கதான்னு சொல்லலாம்.

மரியாதையும் வந்தது. 1985-ல் கல்லூரி பேண்டுகளுக்கான பெரிய விருதான சட்லர் டிராபி. 1989 ஜூலை 14, பிரெஞ்சுப் புரட்சியின் 200-வது ஆண்டு விழாவில் பாரிஸ் வீதியில் அமெரிக்காவின் சார்பாகப் போனது இந்த பேண்ட்தான். வேலையே கிடையாதுன்னு சொன்ன நாடு! 52 வருஷம் நடத்திவிட்டு 1998-ல் ஓய்வு பெற்றார். 2010-ல் தன் 91-வது வயதில் காலமானார்.

கதை இங்கே முடிந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

2011 நவம்பரில், ஆர்லாண்டோவில் ஒரு மேட்ச் முடிந்தபின், நிறுத்தியிருந்த பேண்ட் பஸ்ஸுக்குள் ராபர்ட் சாம்பியன் என்ற 26 வயது டிரம் மேஜரை சக மாணவர்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள். ராகிங். பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து கடைசி சீட் வரை அடி வாங்கிக்கொண்டே நடந்து போகணுமாம், அதுதான் அவர்களிடம் மதிப்பைப் பெறும் வழி. மைதானத்தில் அத்தனை பேரும் யார் கையைப் பார்த்து வாசித்தார்களோ, அந்தப் பையனை! பேண்டைத் தடை செய்தார்கள், 2013-ல்தான் திரும்பி வந்தது. பார்த்தால் இது முதல் தடவையும் இல்லை. 1998-லும் 2001-லும் அடிபட்டு மாணவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

ஃபாஸ்டரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. ஆனா ஒரு விஷயம் மனசை அரிக்குது. முந்நூறு பேருக்கும் ஒரே மனுஷன் சொல்லிக்கொடுக்க முடியாது. வித்தை சீனியரிடமிருந்து ஜூனியருக்குத்தான் இறங்கும். முட்டியை எவ்வளவு உயரம் தூக்கணும், தவறினால் எப்படித் திருத்தணும், எல்லாமே. அந்த வழியாகத்தான் அந்த பேண்டின் பெருமை வந்தது. அடியும் அதே வழியாகத்தான் இறங்கியது. சீனியர் சொன்னா மறுபேச்சு இல்லாம செய்யணும்கிற பழக்கம் மைதானத்தில் அழகா இருக்கும். அதையே பஸ்ஸுக்குள் கொண்டுபோனால்?

அடி உதை இல்லைன்னாலும் இதன் சின்ன வடிவம் நம்ம ஃபீல்டிலும் உண்டு. என் முதல் கம்பெனியில் (பேர் வேண்டாமே) புதுசா வந்தவங்க தலையில் ஒரு வருஷம் முழுக்க நைட் சப்போர்ட்டைக் கட்டிவிடுவார்கள். கேட்டா, "நாங்களும் இப்படித்தாம்ப்பா வந்தோம்". அப்படிச் சொன்ன சீனியர்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு லாக் ஃபைல் படிக்கக் கற்றுக்கொடுத்தவரும். அவரை வெறுக்கவும் முடியாது, அவர் செய்தது சரின்னு சொல்லவும் முடியாது.

இப்போ என் டீமில் பதினோரு பேர், அதில் ரெண்டு பேர் புதுசு. போன வாரம் நைட் ஷிஃப்ட் பட்டியல் போடும்போது நாலு வருஷ அனுபவசாலி ஒருத்தர், "அவங்க ரெண்டு பேரையே போடுங்க பாஸ், கத்துக்கட்டும்" என்றார். பட்டியலை அகர வரிசையில் சுழற்சி முறையில் போட்டு, முதல் வாரத்துக்கு மட்டும் என் பேரை வைத்தேன். ரெண்டாவது வாரம் அவர் முறை. மனுஷன் ரெண்டு நாளா என்கூட டீ குடிக்க வரலை.

பரவாயில்ல, வருவார்.