வலி தெரியாத கைகள்: கொடைக்கானல் நாட்குறிப்பு

ஜனவரி 22

பொங்கல் கழிந்தும் உறைபனி விடவில்லை. ஏரியோரப் புல்லெல்லாம் காலையில் வெள்ளையாகக் கிடந்தது.

பள்ளித் தலைமையாசிரியை போன் செய்தார். 30ஆம் தேதி, காந்தி நினைவு நாள், தொழுநோய் ஒழிப்பு நாளும்கூட. ஒன்பதாம் வகுப்புக்கு அரைமணி நேரம் பேச வேண்டுமாம். வேலூரில் பிசியோதெரபி படித்தவள் என்பதால் இந்த வேலை எனக்கு. “ஐடா ஸ்கடர் அம்மாவைப் பத்திச் சொல்லுங்க, நம்ம ஊர்ல இருந்தவங்கதானே” என்றார்.

இருந்தவர்தான். 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியம் தொடங்கியவர், 1946இல் ஓய்வு பெற்று இங்கே ‘ஹில் டாப்’ வீட்டுக்கு வந்தார். 1960 மே மாதத்தில் இங்கேயே காலமானார். அவர் கதையைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். அவர் ஓய்வு பெற்ற அதே 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்து சேர்ந்த ஒரு எலும்பு அறுவை மருத்துவரின் ஆராய்ச்சியைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 23

பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை. ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட் 1929இல் கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார்.

1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் இவரை அழைத்துப் போகிறார். மடங்கிப்போன விரல்களோடு நிற்கும் நோயாளி ஒருவரிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, “அழுத்துங்கள்” என்கிறார். செயலற்ற கை என்று நினைத்திருந்தார். பிடித்த பிடியில் இவருக்கு வலி உயிர் போனது. அத்தனை பலம் அந்தக் கைக்குள் இருந்திருக்கிறது. தசை செத்துப்போயிருந்தால் இந்தப் பிடி எப்படி வரும்? ஆராய்ச்சி அங்கே தொடங்கியது. எலும்பு மருத்துவர்கள் யாரும் இந்தக் கைகளை அதுவரை ஒழுங்காகப் பார்த்ததில்லை என்பதே அவருக்குப் பெரிய அதிர்ச்சி.

ஜனவரி 25

பக்கத்து வீட்டு அக்கா நொண்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பல வருஷமாகச் சுகர். ராத்திரிக் குளிருக்கு வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்கியிருக்கிறார். வலது குதிகாலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். “இதமாத்தான் இருந்துச்சு, சுட்டதே தெரியல. காலைல சாக்ஸ் ஈரமா இருக்கேன்னு பார்த்தேன்” என்கிறார். பற்பசை தடவப் போனவரைத் தடுத்து, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கட்டுப் போட்டுவிட்டார்கள். வெந்நீர்ப் பையை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், கோபித்துக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 26

அக்கா வீட்டுக்குப் போய்வந்த பிறகு குறிப்பெழுத உட்கார்ந்தேன். நேற்றைய கொப்புளத்திலிருந்தே தொடங்கலாம்.

தொழுநோய் விரலைத் தின்றுவிடும், சதை அழுகி உதிரும் என்று ஊரே நம்பியது; வைத்தியர்களும் நம்பினார்கள். வேலூரில் பிராண்டும் கூட இருந்தவர்களும் செய்தது எளிமையான, சலிப்பூட்டும் வேலை. ஒவ்வொரு காயத்துக்கும் ‘இது எப்படி வந்தது?’ என்று துருவினார்கள். சூடான பாத்திரத்தைப் பிடித்தது, சுத்தியலின் கரடுமுரடான கைப்பிடி, செருப்புக்குள் கிடந்த ஆணி. ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க பிராண்ட் திணறிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவன் வந்து லேசாகத் திருப்பிவிட்டான். சாவி அவன் விரலை எலும்புவரை வெட்டியிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. இரவில் தூங்கி எழும்போது விரல் குறைந்திருந்த நோயாளிகளும் இருந்தார்கள். காவலிருந்து பார்த்தால், எலி! கடித்தால் வலித்தால்தானே விழிப்பார்கள். அப்புறம் ஆளுக்கொரு பூனை கொடுத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிச் செலவுக் கணக்கில் பூனையை எப்படி எழுதினார்களோ!

நோய் வலியை எடுத்துக்கொள்கிறது. மற்றதை நெருப்பும் ஆணியும் எலியும் பார்த்துக்கொள்கின்றன.

நரம்பு விஷயத்தையும் சேர்க்க வேண்டும். கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளில்தான் செழிக்கும். நரம்பு தோலுக்கு அருகே வரும் இடங்களில், அதாவது முழங்கைக்கு மேல், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால், அங்கெல்லாம் நரம்பு வீங்கிச் செத்துவிடுகிறது. சதைக்குள் ஆழமாக, கதகதப்பில் ஓடும் நரம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் முன்கையில் நல்ல தசைகள் மிஞ்சுகின்றன, செங்கல்பட்டில் அந்தப் பிடி. மிஞ்சிய நல்ல தசையின் நாணை எடுத்து மடங்கிய விரலுக்கு மாற்றித் தைத்தால் விரல் நிமிரும். தைத்ததும் வேலை முடிந்துவிடாது. பழைய வேலையை மறந்து புது வேலையைச் செய்யத் தசைக்கு வாரக்கணக்கில் பயிற்சி தர வேண்டும். அது எங்கள் ஆட்களின் வேலை, புத்தகங்களில் ஒரு வரியில் முடிந்துவிடும்.

முதன்முதலில் கத்திக்குக் கை நீட்டியவர்களுக்குப் புத்தகத்தில் அந்த ஒரு வரியும் சரியாகக் கிடைக்கவில்லை. பலிக்குமா என்று யாருக்கும் தெரியாத காலம் அது. என் கணக்கில் ஆராய்ச்சியில் பாதி அவர்களுடையது.

ஜனவரி 28

வேலூரில் சிகிச்சை முடிந்து ஊருக்குப் போனவர்கள் சிலர் முகம் வாடித் திரும்பி வந்தார்கள். நிமிர்ந்த கையைப் பார்த்து யாரும் பிச்சை போடவில்லை; தொழுநோயாளி என்று வேலையும் தரவில்லை. கை நிமிர்ந்ததும் பிழைப்பு போயிற்று. இதற்கு மருத்துவத்தில் பதில் கிடையாது. கல்லூரி வளாகத்தில் ‘நவஜீவ நிலையம்’ தொடங்கி, தச்சு வேலையும் பொம்மை செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். காலுக்கு மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு வந்தது. இன்றைக்கும் நோயாளிகள் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.

மேரி வர்கீஸையும் விடக்கூடாது. 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இளம் டாக்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னாளில் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கியவரும் அவரே.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். வேலூரில் கற்றது அங்கே நீரிழிவுக்காரர்களின் புண்பட்ட காலுக்குப் பயன்பட்டது. உணர்வில்லாத கால் எந்த நோயில் வந்தாலும் கெடும் விதம் ஒன்றுதான்.

அக்காவுக்குப் புண் ஆறி வருகிறது. பேசவும் ஆரம்பித்துவிட்டார்.

ஜனவரி 30

பேசினேன். ஒரு பெண் எழுந்து, “குளிர்ல கிருமி வளரும்னா நம்ம ஊர்லதானே நிறைய வரணும்?” என்றாள். நல்ல கேள்வி. ஊர்க் குளிர் வேறு, உடம்புத் தோலின் சூடு வேறு. வெயில் கொளுத்தும் சமவெளிகளில்தான் இந்நோய் அதிகம் என்றேன். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் என்றதும் ஆசிரியைகளுக்கே வியப்பு. 2005இல் அரசு ‘ஒழித்துவிட்டோம்’ என்று அறிவித்தது பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்ற அளவுகோலில். விவாகரத்துக்கு இந்நோய் ஒரு காரணம் என்ற சட்டப்பிரிவைக்கூட 2019இல்தான் நீக்கினார்கள்.

பிள்ளைகளிடம் வீட்டில் போய்ச் சொல்லச் சொன்னது இதுதான். தோலில் நிறம் மங்கிய அல்லது சிவந்த தேமல், அரிக்காமல், தொட்டால் தெரியாமல் இருந்தால் ஒளிக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம், ஆறு மாதம், அல்லது பன்னிரண்டு மாதம். விரல் மடங்குமுன் வந்துவிட்டால் அறுவையே வேண்டாம். வீட்டில் சுகர் உள்ளவர்கள் இருந்தால் தினமும் அவர்கள் உள்ளங்காலைப் பாருங்கள். வெந்நீர்ப் பையைக் காலடியில் வைக்க விடாதீர்கள்.