சென்னை சிட்டி: கோவையில் ஆடிய சாம்பியன்

பொம்மசந்திராவில் உட்கார்ந்துகொண்டு, கோயமுத்தூரில் ஆடிய, சென்னை என்று பேர் வைத்த ஒரு ஃபுட்பால் டீமைப் பற்றி எழுதப்போகிறேன். தலை சுற்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள், கதை நல்ல கதை.

பொம்மசந்திரா தெரியாதவர்களுக்கு: ஓசூர் ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி தாண்டினால் வரும் தொழிற்பேட்டை. ஷிஃப்ட் விடும் நேரத்தில் டீக்கடைப் பக்கம் நின்றால் கன்னடத்துக்குச் சமமாகத் தமிழும் காதில் விழும். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆட்கள் ஏராளம். என்னை மாதிரி கோவைக்காரர்கள் கொஞ்சம் பேர். கேன்டீனில் விளையாட்டுப் பேச்சு வந்தால் அது கிரிக்கெட்தான். ஏப்ரல், மே மாதங்களில் எந்த மேஜையில் யார் உட்காருவது என்பதே ஐபிஎல் பாயிண்ட்ஸ் டேபிளைப் பொறுத்தது.

ஆனால் பெங்களூருக்கு ஃபுட்பால் கிறுக்கும் உண்டு. அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பீலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். வைத்தது யார் என்று பார்த்தால், பாதிக்கு மேல் தமிழ் பேசும் நம்ம ஜனம். 2013-ல் பெங்களூரு எஃப்.சி. வந்த பிறகு இந்தக் கிறுக்கு ஐடி பையன்களுக்கும் தொற்றிவிட்டது. வந்த முதல் சீசனிலேயே, 2013-14-ல், ஐ-லீக் சாம்பியன். என்னோடு வேலை செய்யும் கன்னட நண்பர் ஒருவர் அன்று முதல் நீலச் சட்டை பக்தர். டீ குடிக்கும்போதெல்லாம் என்னைச் சீண்டுவார். "நிம்ம தமிழ்நாட்டுல ஃபுட்பால் எல்லாம் ஆடுவாங்களா குரு?"

அதற்குப் பதில் சொல்ல எனக்கு 2019 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கில் நுழைந்தது 2016-17 சீசனில். சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஐஎஸ்எல் டீமான சென்னையின் எஃப்.சி. ஆடிக்கொண்டிருந்தது. இவர்களுக்குக் கிடைத்தது கோவை நேரு ஸ்டேடியம், வ.உ.சி. பூங்கா பக்கத்தில் இருக்கிறதே, அதுதான். பெயர் ஒரு ஊர், பிழைப்பு வேறு ஊர். நம்மை மாதிரி கேஸ் என்று அப்போதே எனக்கு ஒரு ஒட்டுதல். முதல் சீசனில் எட்டாவது இடம். அடுத்த சீசனிலும் எட்டாவது. அதாவது பத்து டீமில் எட்டு! கீழே விழாமல் தப்பித்ததே பெரிய விஷயம். போதாக்குறைக்கு, அவர்களிடம் நன்றாக ஆடிய குமரி மாவட்டத்துக் கடலோரப் பையன் மைக்கேல் சூசைராஜை 2018-ல் ஜாம்ஷெட்பூர் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

இந்த நிலைமையில் 2018-ல் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்த சிலரைக் கூட்டி வந்தார்கள். பெத்ரோ மான்சி, சாந்த்ரோ ரோட்ரிகஸ், நெஸ்தர் கோர்தில்லோ, கோல்கீப்பர் நௌசெத் சந்தானா. இவர்களில் ஒருவர் பெயர்கூட நம் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மற்றபடி டீம் முழுக்க இளவட்டங்கள், அதிலும் தமிழ்ப் பையன்கள் நிறைய. எட்வின் வான்ஸ்பால், அஜித் குமார், ரொமாரியோ ஜேசுராஜ், சூசைராஜின் சகோதரர் ரெஜின். பெரிய கிளப்புகள் வேண்டாம் என்றவர்களும், இன்னும் கண்ணில் படாதவர்களும்தான்.

இதை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதல் மேட்சில் இந்தியன் ஆரோஸுக்கு எதிராக மான்சி மூன்று கோல் அடித்தார். 4-1. சரி, எதிரணியும் சின்னப் பையன்கள்தானே என்று விட்டுவிட்டோம். நவம்பரில் கொல்கத்தாவுக்கே போய் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று சாய்த்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஈஸ்ட் பெங்கால் என்றால் சும்மாவா? சால்ட் லேக் ஸ்டேடியத்தில் அவர்கள் கூட்டத்தின் சத்தத்திலேயே வந்த டீமுக்குக் கால் பின்னும். ஜனவரியில் கோவையிலும் அதே 2-1.

அப்புறம் தினமும் பாயிண்ட்ஸ் டேபிள் பார்ப்பது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் உள்ளே பதுங்கிக் கிடந்து ஒரு கோல் அடித்துத் தப்பிக்கிற டீம் இல்லை. நடு மைதானத்தில் குட்டிக் குட்டி பாஸாகப் போட்டு மெதுவாக நகர்த்திக்கொண்டு போவார்கள். அடி வாங்கினாலும் அப்படியே ஆடுவார்கள். கோச் சொன்னதை நம்பிய பையன்கள். எதிரில் யார் என்கிற பயம் அவர்களுக்கு இல்லை. அனுபவம் இல்லாததால் வந்த தைரியமோ என்னவோ.

2019 மார்ச் 1. கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸோடு மேட்ச். ஜெயித்தால் கோப்பை அன்றே கையில். 3-2 என்று தோற்றார்கள். கடைசி நாளுக்கு முன்னால் கணக்கு இப்படி: சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. மார்ச் 9 சனிக்கிழமை, ஒரே நேரத்தில் இரண்டு மேட்ச். கோவையில் சென்னை சிட்டியும் நடப்பு சாம்பியன் மினர்வா பஞ்சாபும். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும். சென்னை சிட்டி ஜெயித்தால் வேறு கணக்கே வேண்டாம். டிரா ஆகி அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் எல்லாம் போச்சு.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர் ரோட்டில் கோவை பஸ் பிடித்தேன். வீட்டுக்கு வருகிறேன் என்றதும் அம்மாவுக்குச் சந்தோஷம். எதற்கு வருகிறேன் என்று தெரிந்ததும் அது பாதியாகக் குறைந்தது. :-) அண்ணன் பையன் அப்போது எட்டாம் வகுப்பு. ஸ்கூல் டீமில் லெஃப்ட் விங். அவன் படிப்பு ஃபுட்பாலால் கெடுகிறது என்று அண்ணனுக்குக் கவலை. "பந்து சோறு போடுமாடா?" என்பது வீட்டில் தினமும் ஓடும் வசனம். இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஸ்டேடியம் போனேன்.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. எங்கள் வரிசையே சப்பென்று ஆனது. இடைவேளை வரைக்கும் 0-1. சுற்றிலும் எல்லோர் கையிலும் போன், எல்லோரும் கோழிக்கோட்டு ஸ்கோர் பார்க்கிறார்கள். அண்ணன் மட்டும் வேர்க்கடலை தின்றுகொண்டு, "பாவம், பசங்க முகத்தைப் பாரு" என்றார்.

இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி. மான்சி அடித்தார், 1-1. அது அவருக்கு அந்த சீசனில் 21-வது கோல். சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவோடு சேர்ந்து லீக்கிலேயே அதிகம். ஆனால் கோப்பைக்கு இன்னொரு கோல் வேண்டுமே. அதை அடித்தது மான்சியும் இல்லை, வேறு ஸ்பெயின்காரரும் இல்லை. கௌரவ் போரா. அசாம் பையன், டிஃபெண்டர்! கோலைத் தடுக்க வேண்டியவர் போய் கோல் போட்டார். கடைசி நிமிடங்களில் அவரே இன்னொன்றும் போட்டார். 3-1.

அங்கே ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்திருந்தது. ஆக, 43-க்கு 42. இருபது மேட்ச் ஆடி, ஒரே ஒரு புள்ளியில் கோப்பை. போரா அடிக்காமல் இருந்திருந்தால் அது கொல்கத்தாவுக்குப் போயிருக்கும்.

அண்ணன் எழுந்து நின்று கைதட்டியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். திரும்பி நடக்கும்போது பையனிடம், "ஆடறதுன்னா ஒழுங்கா ஆடோணும். காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கோணும். முடியுமா?" என்றார். அவன் தலையாட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்கியிருக்கும்.

மார்ச் 17-ல் பெங்களூரு எஃப்.சி. கோவாவை 1-0 என்று வென்று ஐஎஸ்எல் சாம்பியன். கேன்டீனில் நண்பரின் அட்டகாசம் தாங்கவில்லை. "நிம்ம டீம் சாம்பியன் ஆனது சின்ன லீக்ல, நம்ம டீம் பெரிய லீக்ல" என்றார். ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் சூப்பர் கப். காலிறுதியில் இரண்டு சாம்பியன்களும் மோதின. சென்னை சிட்டி 2, பெங்களூரு 1. இரண்டுமே கோர்தில்லோ. மறுநாள் காலையில் நண்பர் ஒன்றும் பேசவில்லை. எப்போதும் பை-டூ காபி சொல்கிறவர் அன்று எனக்கு முழு காபி வாங்கித் தந்தார். போதும்!

இதோடு நிறுத்தினால் நல்ல சினிமா. ஆனால் அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் ஐ-லீக் ஜெயித்தவர்கள் ஐஎஸ்எல்லுக்கு ஏற முடியாது. விதியே இல்லை. 2019 அக்டோபரில் ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல் லீக் என்று முடிவாயிற்று. அப்போது போட்ட திட்டத்திலும், ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறுவது 2022-23 சீசனுக்குப் பிறகுதான். அதாவது எங்கள் பையன்கள் மாடி ஏறி உச்சிக்கு வந்தார்கள், அங்கே கதவு இல்லை. மேலே ஆட ஆசைப்பட்டவர்கள் டீமை விட்டுத் தனித்தனியாகத்தான் போக முடியும். போனார்கள். எட்வின் சென்னையின் எஃப்.சி.க்கு. கோர்தில்லோ ஹைதராபாத்துக்கு. மான்சி 2020-ல் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகட்டாவுக்கு. ரொமாரியோ கோவாவுக்கு. அஜித் குமார் எங்கே போனார் தெரியுமா? பெங்களூரு எஃப்.சி.! நண்பருக்கு மறுபடியும் வாய் கிடைத்தது.

நல்லதும் நடந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 2019-ல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவோடு ஆடினார்கள், 1-0 தோல்வி. பிறகு கொரோனா. 2020-21 ஐ-லீக் முழுக்க வங்காளத்திலேயே நடந்தது. 2021-22 லீக் பட்டியலில் 13 டீம் இருந்தது. சென்னை சிட்டி இல்லை. சாம்பியன் ஆகி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

இதை அமெரிக்க பேஸ்பாலோடு வைத்துப் பார்க்கலாம். டாம்பா பே ரேஸ் என்றொரு டீம். 1998-லிருந்து தோல்வி மேல் தோல்வி, 2007-ல் லீக்கிலேயே மோசமான கணக்கு. மறு வருடம் 97 மேட்ச் ஜெயித்து உலகத் தொடர் இறுதி வரைக்கும் போய்விட்டது. அப்போது அங்கே தோற்ற டீமுக்குத்தான் புது ஆட்டக்காரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. லொங்கோரியா, டேவிட் பிரைஸ் எல்லாம் அப்படி வந்தவர்கள். இளம் ஆட்டக்காரர்கள் பல வருடம் அதே டீமிடம்தான் இருப்பார்கள். ஆகவே அந்த டீம் அடுத்த வருடங்களிலும் நின்றது. நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. ஒரு வருட, இரண்டு வருட ஒப்பந்தம். ஜெயித்தால் விலை ஏறும், டீம் கலையும். 2017-ல் ஜெயித்த ஐஸால், 2018-ல் ஜெயித்த மினர்வா, 2019-ல் எங்கள் டீம், மூன்றுமே சின்ன டீம்கள்தான். மறு வருடம் கோப்பையைத் தக்கவைத்தது ஒன்றுகூட இல்லை.

இளம் டீம் ஜெயித்தால் நாம் "எதிர்காலம் பிரகாசம்" என்று எழுதிவிடுகிறோம். அந்த எதிர்காலத்துக்கு மைதானம், சம்பளம், மேலே ஏற ஒரு வழி எல்லாம் வேண்டும். ஜெயித்தது பையன்கள் வேலை, அவர்கள் செய்தார்கள். மிச்சம் பெரியவர்கள் வேலை.

இதில் ஒரு வேடிக்கை. அன்று கோவையில் தோற்ற மினர்வா பஞ்சாபை 2020-ல் வேறு நிறுவனம் வாங்கி, காசும் பொறுமையும் போட்டு வளர்த்தது. 2022-23-ல் ஐ-லீக் ஜெயித்து, மைதானத்தில் ஆடி ஜெயித்தே ஐஎஸ்எல்லுக்கு ஏறிய முதல் டீம் என்று பேர் வாங்கியது. வழி திறந்தபோது உயிரோடு இருந்தார்கள், ஏறினார்கள்.

அண்ணன் பையன் டிப்ளமோ முடித்து, இப்போது இங்கேயே ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸ். எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். ஞாயிறு காலையில் சந்தாபுரா பக்கம் மணிக்கணக்கு வாடகைக்கு விடும் டர்ஃபில் ஆடுகிறான். ஒரு டீமே சேர்த்திருக்கிறான். ஒரு ஒடிசாப் பையன், இரண்டு மணிப்பூர்க்காரர்கள், மிச்சம் தருமபுரி. என் கன்னட நண்பர்தான் ரெஃப்ரி.

போன வாரம் அவனிடம் கேட்டேன், "அந்த டீமே இல்லாமப் போச்சே, வருத்தமா இல்லியாடா?"

ஷூ லேஸ் கட்டிக்கொண்டே சொன்னான்: "டீம் போனது வருத்தந்தானுங்க சித்தப்பா. ஆனா ஜெயிச்சது ஜெயிச்சதுதானுங்களே. நான் பாத்தேனுங்களே."

அவன் பார்த்தது நிஜம். அடுத்த முறை நம் ஊரில் ஒரு சின்ன டீம் எழுந்து வந்தால், கோப்பை வாங்கிய மறுநாளே ஒரு கேள்வி கேளுங்கள்: அடுத்த வருஷம் இந்தப் பையன்கள் எங்கே ஆடுவார்கள்?