அட்டைக்குத் தலை கிடையாது

2008ல் ஒரு சனிக்கிழமை. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு துப்பாக்கி கிளப்புக்குப் போனேன். கூட்டிக்கொண்டு போனவர் ஆபீஸில் என் அடுத்த ஸீட்டுக்காரர். நடுராத்திரி, ஈ காக்கை இல்லாத ரோட்டில்கூட சிவப்பு விளக்கு எரிந்தால் நின்று, பச்சை வந்த பிறகு கடக்கிற ஜெர்மானியர். அவர் இடுப்பில் பெல்ட், உறை, உறைக்குள் பிஸ்டல் என்று வந்து நின்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்.ஐ.சி. ஏஜெண்ட் திடீரென்று கட்டபொம்மன் வேஷம் கட்டின மாதிரி.

'பீப்' என்று ஒரு சத்தம். மனுஷன் மாறிவிட்டார். உருவினார், ஓடினார், தடுப்புக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, ஓட்டத்திலேயே மேகஸின் மாற்றி மறுபடி ரெண்டு. விழுந்த மார்க்கை எடுத்துக்கொண்ட விநாடியால் வகுத்தால் ஸ்கோர். ஐ.பி.எஸ்.சி. என்று பெயர். 1976ல் அமெரிக்காவில், மிஸௌரி மாநிலத்துக் கொலம்பியாவில் ஆரம்பித்த சங்கம். முதல் தலைவர் ஜெஃப் கூப்பர், முன்னாள் மரைன் அதிகாரி.

"சண்டைப் பயிற்சி மாதிரி இருக்கே?" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "இங்கே சண்டைப் பயிற்சி மாதிரிச் சுட சட்டத்தில் இடமில்லை. அட்டையைப் பார். மனுஷன் மாதிரியா இருக்கு? தலை இருக்கா?"

இல்லைதான். பழுப்பு நிறத்தில் எண்கோண அட்டை. நட்டு வைத்திருந்த உயரம் மட்டும் சரியாக என் நெஞ்சளவு. அதைச் சொல்லவில்லை. ஏனென்றால் அடுத்த லேனில் எனக்கு ஐந்து குண்டு போட்டு ஒரு பிஸ்டலைக் கையில் கொடுத்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஸார், ரொம்பப் பிடித்திருந்தது. போட்டோ எடுத்து ஊரில் சிநேகிதர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

2009 மார்ச் 11, புதன்கிழமை. நாங்கள் அப்போது குடியிருந்தது வைப்லிங்கனில். எஸ்-3 ரயிலில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் வின்னண்டன். அங்கே ஆல்பர்ட்வில் பள்ளியில் காலை ஒன்பதரைக்கு ஒரு பழைய மாணவன், பதினேழு வயசு, துப்பாக்கியோடு நுழைந்தான். ஒன்பது மாணவர்கள், மூன்று ஆசிரியைகள். வெளியே வந்து மேலும் மூன்று பேர். மத்தியானம்தான் தன்னையே சுட்டுக்கொண்டான். அந்த மூன்று மணி நேரமும் என் பெண்ணின் பள்ளியில் வகுப்பைப் பூட்டி, பிள்ளைகளை உள்ளேயே வைத்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பு. என் மனைவி ஆபீஸுக்குப் போன் பண்ணி ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

துப்பாக்கி அவன் அப்பாவுடையது. அவரும் கிளப்பில் சுடுகிறவர். பதினைந்து துப்பாக்கி, எல்லாம் லைசென்ஸோடு. பதினாலு இரும்புப் பெட்டியில். ஒன்று படுக்கையறையில்.

அப்புறம் ஆபீஸில் காபி மெஷின் பக்கமெல்லாம் இதே பேச்சு. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர், பெரிய காலிபர் துப்பாக்கி விளையாட்டுக்கே வேண்டாம் என்றார்கள். ஓடிக்கொண்டே சுடுகிற போட்டியையும் நிறுத்தச் சொல்லிக் குரல் கிளம்பியது. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமோ? மே மாசம், பெயின்ட்பால் விளையாட்டைத் தடை செய்கிறோம் என்றது! பெயின்டில் செத்தவன் யார் என்று ஊரே சிரித்ததும் அதையும் விட்டுவிட்டார்கள். கடைசியில், பெரிய காலிபர் சுட வயசு 14லிருந்து 18 ஆனது. வீட்டுக்குச் சொல்லாமல் வந்து பெட்டியைச் சோதிக்கலாம் என்றும் ஆனது. அந்த அப்பாவுக்கு 2013ல் மறுவிசாரணையில் ஒன்றரை வருஷம், அதுவும் நிறுத்திவைத்த தண்டனை. ஓடிச் சுடுகிற போட்டி இன்றும் நடக்கிறது.

"பூட்டாதவன் செய்த தப்புக்கு என்னை ஏன் தண்டிக்கணும்?" என்றார் அடுத்த ஸீட்டுக்காரர்.

"பிரிட்டனில் டன்பிளேனுக்கு அப்புறம், 1997ல் பிஸ்டலையே ஒழிச்சாங்களே?"

"2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டிக்கு அவங்களே விதிவிலக்கு கொடுத்தாங்களே?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "நீயும் அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டேதானே சுட்டே?" என்றார்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனித்தனி மேஜை.

ஜூனில் அவர் பெண்ணுக்குப் பிறந்தநாள். என் பெண்ணுக்கும் அழைப்பு. "அவங்க வீட்ல துப்பாக்கி எங்க இருக்குன்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி. எப்படிக் கேட்பது? நாலு நாள் யோசித்துக் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, நிலவறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். சுவரோடு முடுக்கின பெட்டி. நம்பர் பூட்டு.

"நம்பர் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்."

மாடிப்படியில் அவர் பெண் உட்கார்ந்து சாக்லேட் தின்றுகொண்டிருந்தது. "எனக்கும் தெரியுமே, பப்பா! என் பர்த்டேதானே?"

திங்கட்கிழமை ஆபீஸுக்கு அரை மணி லேட்டாக வந்தார். எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை. "மாத்திட்டேன்" என்றார். வேறொன்றும் பேசவில்லை. மத்தியானம் என் மேஜைக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

பார்ட்டிக்குப் பெண்ணை அனுப்பினோம். மூன்று மணி நேரமும் நான் எதிர்த்த ரோட்டில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.